மரநாய் எச்சம் முதல் வெடிப்பலா வரை: மழைக்காட்டு மரங்களோடு நம் அனுபவங்கள்

வால்பாறை நாற்றங்கால்காரர்

எல்லோரும் ஆர்க்கிட் படங்களாகப் போட்டுக்கொண்டிருக்கும் இந்த இணையக் குழுவில் எச்சத்தைப் பற்றி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மழைக்காட்டு மரங்களின் நாற்று வளர்ப்பதுதான் என் வேலை. காலையில் காட்டோரத்துப் பாறைகளையும் சாய்ந்து கிடக்கும் மரங்களையும் பார்த்துக்கொண்டே நடப்பேன். பழுப்பு மரநாய் இரவெல்லாம் பழம் தின்றுவிட்டு, இப்படி மேடான இடமாகப் பார்த்துக் கழித்துவிட்டுப் போயிருக்கும். குச்சியால் கிளறினால் உள்ளே பழுப்பு நிறத்தில் விதைகள் இருக்கும். ஒரு பக்கம் மெருகு போட்டதுபோல வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பான தழும்பு. இலுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்த பலாக்குயம் எலிப்டிகம் என்ற பெருமரத்தின் விதை அது. சதையெல்லாம் போய், கழுவவேண்டிய வேலைகூட இல்லாமல் கிடைக்கும். சம்பளம் வாங்காமல் எங்களுக்கு விதை பொறுக்கிக் கொடுக்கிற ஆள் இந்த மரநாய்.

சாலையோரத்திலும் பொறுக்குவோம். காட்டுக்குள் போகிற சாலையில் விழும் விதை எப்படியும் வண்டிச் சக்கரத்தில்தான் நசுங்கப்போகிறது.

இதில் அவசரம் என்ன என்று பலர் கேட்கிறார்கள். நெல்லையும் கேழ்வரகையும் காயவைத்துக் குதிரில் போட்டு அடுத்த பட்டத்துக்கு எடுக்கலாம். மழைக்காட்டு மர விதைகளில் மிகப் பல, காய்ந்தால் செத்துவிடும். குளிரூட்டிய விதை வங்கியும் அவற்றுக்கு உதவாது. வெடிப்பலா, வெள்ளைக் குங்கிலியம் போன்றவை விழுந்த சில வாரங்களுக்குள் மண்ணுக்குப் போய்விட வேண்டும். இதற்கு நேர்மாறாகக் கருங்குங்கிலியத்தின் விதை கல்லாக இருக்கும். நாற்றுப் பைக்குள் போட்டுவிட்டு, போட்டதையே மறந்துபோன பிறகுதான் முளை எட்டிப் பார்க்கும்.

வால்பாறைப் பீடபூமி ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர். 1890களில் தொடங்கிக் காபிக்கும் தேயிலைக்குமாகக் காடு வெட்டப்பட்டது. நடுநடுவே தப்பிய துண்டுக் காடுகள்தான் இப்போது மிச்சம். அவற்றை மீட்டெடுக்கும் வேலையை 2000ஆம் ஆண்டையொட்டி இங்கே தொடங்கியவர்கள் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த திவ்யா முடப்பா, டி.ஆர்.சங்கர் ராமன் ஆகியோர். மரம் நடுவது என்றால் ஒரு நாள் விழா, ஒரு புகைப்படம் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை உண்ணிச்செடிப் புதரை வேரோடு பிடுங்கிப் பார்க்க வேண்டும். நட்ட பிறகும் ஆண்டுக்கணக்கில் களையெடுக்க வேண்டியிருக்கிறது. விட்டால் உண்ணி திரும்பவும் மூடிவிடும்.

கோவை, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

தம்பி சொன்ன எச்சக் கதைக்கு எதிர்முனையிலிருந்து ஒன்று சொல்கிறேன். வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போவது என் வழக்கம். அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைப்பார்கள். காய்ந்து தவிட்டு நிறமான இலை, காம்போடு ஒட்டிய காய், கீழ் மூலையில் சேகரித்தவர் பெயர், இடம், தேதி. மையின் நிறம் மங்கியிருக்கும். மாணவர்களை நான் படிக்கச் சொல்வது இலையை அல்ல, அந்த மூலையைத்தான். ஒரு செடி எந்த மலையில், எந்த மாதத்தில் பூத்தது என்பதற்குச் சில நேரங்களில் அது ஒன்றே சாட்சி.

மதூகா டிப்ளோஸ்டெமான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இலுப்பையின் நெருங்கிய சொந்தம். 1835இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் காலத்தில் சேகரிக்கப்பட்டது. அதன் பிறகு யார் கண்ணிலும் படவில்லை, அழிந்தே போயிற்று என்று நினைத்தார்கள். 180 ஆண்டுகளுக்குமேல் கழித்துக் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், ஒரு கோயில் காவில், ஒற்றை மரமாக நின்றதைப் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். நிபுணர்கள் தேடியது காட்டில். மரம் நின்றதோ, சாமிக்கு அஞ்சி யாரும் கோடாலி வைக்காத இடத்தில். புதிய இனம் கண்டுபிடித்தால் செய்தித்தாளில் படம் வருகிறது. பழைய இனம் ஒன்று ஊர்க்காரர்கள் தயவில் பிழைத்துக் கிடந்தது தெரிந்தால் அதைவிடப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் கட்சி.

மாஞ்சோலை மகள்

ஐயா, அந்தத் தாள்களில் எங்கள் ஊரும் இருக்கிறது. யூஜினியா சிங்கம்பட்டியானா என்று ஒரு சிறு மரம், நாவலுக்கு உறவு. மெட்ராஸ் மாகாண வனத்துறைக்குத் தலைமை வகித்த பெட்டோம் 19ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர். சிங்கம்பட்டி ஜமீன் காடு என்பதால் அப்படி. அதே ஜமீன் காட்டைத்தான் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தேயிலை போடக் கொடுத்தார்கள். அந்தத் தேயிலையைக் கிள்ளித்தான் என் ஆச்சி எங்களை வளர்த்தார். மரம் இன்று மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது வெடிப்பலாவைப் பற்றி. காக்காச்சிக் காட்டில் டி.கணேஷும் சௌபத்ரா தேவியும் கயிறு கட்டி மர உச்சிக்கு ஏறி ஆராய்ச்சி செய்த இடம் எங்களுக்குப் பக்கம். வெடிப்பலா கிளையில் நேரடியாகக் கொத்துக்கொத்தாகப் பூக்கும். அந்தப் பூவுக்கு இதழே கிடையாது. தடித்த, சதைப்பற்றான ஒரு குழல் மட்டும். பகலில் சோலைமந்தி தின்னும், இரவில் வௌவால் வரும். இவற்றின் வாயிலும் முகத்திலும் ஒட்டிப்போகும் மகரந்தத்தால்தான் காய் பிடிக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். ஆச்சிக்கு ஆராய்ச்சி ஏதும் தெரியாது. ஆனால் விறகுக்குப் போகும் பாதையில் உதிர்ந்து கிடக்கும் பூக்குழல்களைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "மந்தி கீழே இறங்காது, மேலேயே சாப்பாடு கிடக்குது" என்பார். மழைக்காலத்தில் முள்முள்ளாகக் காய் விழும்போது தலையில் துண்டைச் சுற்றிக்கொள்ளச் சொல்வார். இப்போது நாங்கள் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறோம். பூத்ததா, காய்த்ததா என்று சொல்ல மேலே அந்தப் பாதையில் நடக்கிற பெண்கள் இல்லை. நாற்றங்கால் அண்ணனுக்கு ஒரு கேள்வி. எந்த மரம் எப்போது காய்க்கும் என்பதை நீங்கள் எழுதி வைக்கிறீர்களா?

பொள்ளாச்சி தென்னந்தோப்பு

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. தோப்பு ஓரத்தில் வைக்க நான்கு வெடிப்பலா நாற்றுக் கிடைக்குமா? விலை எவ்வளவானாலும் சரி.

வால்பாறை நாற்றங்கால்காரர்

தங்கச்சி, எழுதி வைக்கிறோம். எந்த மரம், எந்தத் திருப்பத்தில் நிற்கிறது, பழம் எப்போது விழுந்தது என்று. ஒரு மரம் எல்லா ஆண்டும் ஒரேபோலக் காய்ப்பதில்லை, சில ஆண்டுகள் பேருக்குக்கூட இருக்காது. அதனால் பழைய குறிப்பு இல்லாமல் வேலை ஓடாது. உங்கள் ஆச்சி சொன்னவற்றில் நினைவில் இருப்பதையெல்லாம் மாதத்தோடு எழுதி இங்கே போடுங்கள். காக்காச்சி வேறு மலை, மழை வேறு, ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பொள்ளாச்சி அண்ணாச்சி, பணம் இருக்கட்டும். உங்கள் வெயிலில் வெடிப்பலா ஒரு கோடை தாங்காது. அதற்கு மலையின் ஈரமும் சின்ன வயதில் பெரிய மரங்களின் நிழலும் வேண்டும். உங்கள் மண்ணுக்குப் புங்கன், நாவல், வாய்க்கால் ஓரமாக இருந்தால் மருதம் வையுங்கள். மலைக்கு வரும்போது விதை ஏதும் பொறுக்கிக்கொண்டு போய்விடாதீர்கள், காப்புக்காட்டில் அது குற்றம். ஆடி மாதம் வந்தால் களையெடுக்க ஆள் தேவைப்படும். அட்டைக்குக் காலுறை மட்டும் சொந்தமாகக் கொண்டுவாருங்கள், மண்வெட்டி நாங்கள் தருகிறோம்.