இரைப்பைப் புற்றுநோய், றோபோ சத்திரசிகிச்சை: ஐ.சி.ஜி. ஏற்றினால் வயிறு முழுக்கப் பச்சையாகத் தெரிவது ஏன்?

கேள்வி: ரெஜிஸ்ட்ரார், கொழும்பு 10

டிஸ்டல் காஸ்ட்ரெக்டமி (இரைப்பையின் கீழ்ப்பகுதியை அகற்றல்), டி2 (இரைப்பையைச் சுற்றியும் அதன் பெரிய இரத்தக்குழாய்களை ஒட்டியும் உள்ள கணுக்களை எடுக்கும் எல்லை). நிணநீர்க் கணுக்களைக் காட்ட ஐ.சி.ஜி. (இண்டோசயனின் கிரீன் என்ற ஒளிரும் சாயம்) பாவிப்பதற்குத் தியேட்டர் குறிப்பொன்று எழுதுகிறோம். எண்டோஸ்கோப்பி லிஸ்ட் மத்தியானத்தோடு முடிந்துவிடும், ஒப்பரேஷன் மறுநாள் காலை 8 மணிக்கு. முதல்நாளே ஏற்றுவதா, மேசையில் வைத்து ஏற்றுவதா? சில பயிற்சி வீடியோக்களில் டா வின்சி றோபோவின் ஃபயர்ஃப்ளையை (சாயத்தின் ஒளியைக் காட்டும் கமரா முறை) போட்டதும் கணு எது, கொழுப்பு எது என்று பிரிக்க முடியாமல் எல்லாமே பச்சை. வேறு சிலதில் ஒன்றுமே இல்லை. பிழை கமராவிலா, மருந்திலா?

பதில் 1: மேல்வயிற்றுச் சத்திரசிகிச்சை

கமராவைக் குறை சொல்லுமுன் ஊசியைப் பாருங்கள், தம்பி.

முதல்நாள் மத்தியானம் நல்ல நேரம். இரவோடிரவாக மருந்து நிணநீர் வழியே கணுக்களில் போய்த் தங்கும், சுற்றியுள்ள மிச்சம் வடிந்துவிடும். 25 மி.கி. குப்பியை 10 மி.லீ. ஊசிநீரில் கரைத்தால் 2.5 மி.கி./மி.லீ. அதில் ஒரு பங்குக்கு அதேயளவு நீர் விட்டு 1.25 ஆக்குங்கள். கட்டியைச் சுற்றி நாலு பக்கமும், சளிச்சவ்வின் கீழே, 0.5 மி.லீ. வீதம். மொத்தம் 2.5 மி.கி.தான். கூட விட்டால் கூட ஒளிரும் என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு மீறிச் செறிந்தால் ஐ.சி.ஜி. தன் ஒளியைத் தானே விழுங்கிவிடும்.

பிழை நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். எண்டோஸ்கோப்பி ஊசியின் நீளக் குழாய்க்குள்ளேயே ஒரு மி.லீ. அளவு நின்றுவிடும். அதை மருந்தால் நிரப்பாமல் குத்தினால் முதல் இரண்டு இடத்துக்குப் போவது வெறும் சேலைன்தான். வீடியோவில் ஒரு பக்கம் இருட்டாய் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசி ஊசிக்குப் பிறகு குழாயில் நிற்பதைத் தள்ள சேலைன் விடும்போதும் 0.5 மி.லீ.ஐத் தாண்ட வேண்டாம்.

மற்றது ஆழம். முதலில் கொஞ்சம் விட்டுச் சவ்வு கொப்புளமாக எழும்புகிறதா பாருங்கள். எழும்பாவிட்டால் முனை தசைக்குள் நிற்கிறது, அல்லது சுவரைத் தாண்டிவிட்டது. அப்படித் தள்ளிய மருந்து வயிற்றறைக்குள் சிந்தி எல்லாவற்றையும் பூசிவிடும். உங்கள் 'எல்லாமே பச்சை' அதுதான்.

மேசையில் என்றால் 0.5 மி.கி./மி.லீ. ஆக்கி, வெளிப்படலத்தின் கீழ், சிறுவளைவிலும் பெருவளைவிலும் 6 இடத்தில் 1.5 மி.லீ. வீதம். எண்டோஸ்கோப்பி தேவையில்லை என்பது வசதி. ஊசியை இழுக்கும்போது துளையிலிருந்து ஒழுகும், கோஸால் அமத்திப் பிடிக்க வேண்டும். அந்தக் கோஸ் உடனே வெளியே போகட்டும்.

பதில் 2: தியேட்டர் தாதி

சேலைனில் கரைக்கவே வேண்டாம் டொக்டர். உப்புப் பட்டால் திரளும். குப்பியோடு வரும் ஊசிநீர்தான். கரைத்தது 6 மணித்தியாலத்துக்கு மேல் செல்லாது, ஆகவே முதல்நாள் மிச்சத்தை மறுநாளுக்கு எடுத்து வைக்கக்கூடாது. குறிப்பில் 2 குப்பி என்றே எழுதுங்கள். தூள் 20–25 பாகையில், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். கொழும்பு வெக்கையில் ஏசி இல்லாத வார்ட் அலுமாரி சரிவராது. மருந்தில் சோடியம் அயடைட்டும் உண்டு. அயடீன் ஒவ்வாமையை முதல்நாளே கேட்டு எழுதுங்கள்.

பதில் 3: நோயியல்

ஒரு சொல் மாற்ற வேண்டும். குறிப்பில் 'புற்றுக் கணுவைக் காட்ட' என்று எழுதிவிடாதீர்கள். ஐ.சி.ஜி. புற்றுக்கலத்தில் ஒட்டுவதில்லை. நிணநீர் எங்கே வடிகிறதோ அங்கே ஒளிரும். புற்று அடைத்துக்கொண்ட கணுவுக்குள் மருந்து போகாது, அதனால் மோசமான கணுவே இருட்டாய் நிற்கலாம். ஒளியும் இழையத்துக்குள் 1 சென்ரிமீற்றருக்கு உட்பட்டுத்தான் ஊடுருவும். டி2 எல்லைக்குள் இருப்பது ஒளிராவிட்டாலும் வெளியே வரவேண்டும்.

பலன் எண்ணிக்கையில் தெரிகிறது. 2020இல் வெளியான சீன எழுமாற்று ஆய்வில் (லப்பரொஸ்கோப்பி, முதல்நாள் ஊசி) சராசரி 50.5 கணு, ஐ.சி.ஜி. இல்லாத குழுவில் 42.0. ஆனால் தியேட்டரில் எடுத்த கணு எங்கள் மேசையில் எண்ணப்பட்டால்தானே கணக்கு? கொழுப்போடு கட்டியாகப் ஃபோர்மலினில் போட்டு அனுப்பாமல், நிலையம் நிலையமாகப் பிரித்துத் தனித்தனிப் போத்தலில் 6, 8ஏ, 11பி என்று நிலைய எண்ணை எழுதி அனுப்புங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி சேர், மிஸ். தைப்பின் (இரைப்பையையும் குடலையும் இணைத்த இடத்தின்) இரத்தோட்டத்தைப் பார்க்க நாளத்திலும் ஏற்றலாமா?

பதில் 1: மேல்வயிற்றுச் சத்திரசிகிச்சை

ஏற்றலாம், ஆனால் கணு எடுத்து முடித்த பிறகு. நாளத்தில் போனதை ஈரல்தான் உறிஞ்சும். ஈரல் பிரகாசித்தால் பக்கத்திலுள்ள 12ஏ கணு நிலையத்தில் ஒன்றும் புரியாது. 2.5 மி.கி./மி.லீ. கரைசலில் 2–3 மி.லீ., பின்னால் 10 மி.லீ. சேலைன். ஒரு நிமிடத்துக்குள் விளிம்பு ஒளிர வேண்டும். மயக்க மருந்து டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: விரல்நுனிக் கருவியில் ஒட்சிசன் அளவு கொஞ்ச நேரம் பொய்யாக இறங்கும்.