அம்மப்பாவின் அக்கோர்டியன்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. கொட்டாஞ்சேனையில் அம்மப்பா இருந்த வீட்டைக் காலி செய்தபோது அவருடைய அக்கோர்டியன் என்னிடம் வந்தது. முன்பக்கம் ஹோனர் என்ற பெயர், பின்னால் சின்ன எழுத்தில் 'மேட் இன் ஜெர்மனி'. மேற்கு ஜெர்மனி என்று இல்லை. அதை வைத்து வயதைச் சொல்லலாமா? வலப்பக்கம் 41 கட்டைகள், இடப்பக்கம் 120 பாஸ் பொத்தான்கள். நடுவில் நாலைந்து கட்டைகள் மட்டும் மஞ்சளாகித் தேய்ந்திருக்கின்றன. நத்தார் இரவுகளில் அவர் விரல்கள் ஓடிய இடம் அது.

துருத்தியை விரித்தால் ஒரு மூலையில் காற்று கசிகிறது. உள்ளே ஒலி நாக்குகளை (காற்றில் அதிர்ந்து ஒலி தரும் உலோகத் தகடுகளை) மெழுகு வைத்துத்தான் பொருத்துவார்கள். கொழும்புப் புழுக்கத்தில் அது என்ன ஆகியிருக்குமோ என்ற பயத்தில் நான் திறக்கவில்லை.

பழைய சாமான் வாங்கும் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் ஒரு விலை சொன்னார், மனம் ஒப்பவில்லை. விற்கிற எண்ணமே இல்லை. சகோதரர்களுக்குள் பங்கு பிரிக்க நியாயமான பெறுமதி தெரிய வேண்டும், அவ்வளவுதான். இதன் மாடலை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், திருத்துவதற்கு முன் விலை பார்ப்பதா, பிறகா? வெள்ளவத்தைப் பக்கம் இதைத் திருத்தத் தெரிந்தவர் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். படங்கள் இணைத்திருக்கிறேன்.