தூறல் ஆரம்பித்த முதல் கால் மணி நேரம்: வண்டி வழுக்கிய அனுபவங்களும் ரோட்டோர ரிப்பேரும்

ஐப்பசி மழை தொடங்கப் போகிறது, அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன். டூவீலர் ஓட்டுகிறவர்கள் பலரும் அடைமழைக்குத்தான் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரையில் அடைமழையில் விழுந்தவர்களைவிட, தூறல் போட ஆரம்பித்த முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் விழுந்தவர்கள்தான் அதிகம். மாதக்கணக்கில் ரோட்டில் சொட்டிக் கிடக்கும் ஆயில், டயர் தேய்ந்த ரப்பர் தூள், புழுதி எல்லாம் அந்தத் தூறலில் ஊறி மேலே வந்துவிடும். நன்றாக அடித்துப் பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், தூறலோடு நின்றுவிட்டால்தான் ஆபத்து.

எனக்கு நடந்தது கொல்லிமலையில். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் இறங்கி வந்துகொண்டிருந்தேன், பின்னால் மச்சான். இரண்டாவது கியர், வேகம் இருபதுகூட இருக்காது, லேசான தூறல். ஒரு வளைவில் திரும்ப ஆரம்பித்த பிறகுதான் ஹெல்மெட்டுக்குள் டீசல் வாடை குப்பென்று அடித்தது. அடுத்த நொடி முன் சக்கரம் வாரிவிட்டது. பிரேக் பிடிக்கவும் இல்லை, ஆக்சிலேட்டர் திருகவும் இல்லை, வண்டி அப்படியே இடது பக்கம் படுத்து லெக் கார்டு தேயத் தேய ரோட்டோரம் போய் நின்றது. மச்சானுக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்கு பேன்ட் கிழிந்து முட்டியில் காயம். எதிரே பஸ் வரவில்லை, அது குலசாமி புண்ணியம்.

எழுந்து பார்த்தால் தார் ரோட்டின் மேல் ஊதாவும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு படலம், வளைவு முழுக்க ஒரு முழ அகலத்துக்கு. செருப்புக் காலை வைத்தாலே நழுவியது. டேங்க் முட்ட டீசல் போட்டுக்கொண்டு மலை ஏறுகிற லாரியிலோ பஸ்ஸிலோ மூடி சரியாக இல்லையென்றால், வண்டி ஒடித்துத் திரும்பும் இடத்தில்தான் தளும்பிக் கொட்டும். அதாவது நாம் வண்டியைச் சாய்க்கிற அதே இடத்தில். காய்ந்த ரோட்டில் அது கறுப்புப் பட்டையாகத் தெரியும், ஈர ரோட்டில் இந்தக் கலர் படலம்தான் அடையாளம். இப்போதெல்லாம் மூக்கில் டீசல் வாடை பட்டால் வண்டியை நிமிர்த்திவிட்டுத்தான் மற்ற வேலை.

ஓரத்தில் கிடந்த மண்ணை இரண்டு பேருமாக வாரி அதன் மேல் கொட்டினோம், வளைவுக்கு முன்னால் தழையோடு ஒரு கிளையை ஒடித்துப் போட்டோம். கீழே வந்த இன்னொரு வண்டி அதைப் பார்த்துத்தான் நிதானித்தது. விழுந்த இடத்தில் இதை ஐந்து நிமிடம் செய்துவிட்டு வாருங்கள் நண்பர்களே, உங்களுக்குப் பின்னால் குழந்தையோடு ஒருவர் வரலாம்.

அப்புறம் வண்டி. ஸ்டார்ட் ஆகவில்லை. முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினை நிறுத்துகிற கில் சுவிட்ச், விழும்போது கை பட்டு அது ஆஃப் ஆகியிருக்கும். பல எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாத ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகளில் சாய்ந்தால் இன்ஜினை நிறுத்துகிற சென்சார் ஒன்று இருக்கிறது, சாவியை ஆஃப் செய்து திரும்ப ஆன் செய்தால்தான் ஸ்டார்ட் ஆகும். என்னுடையது அப்படித்தான் ஆனது. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கும், நிமிர்த்தி வைத்துக் கொஞ்சம் பொறுத்து, சோக் போடாமல் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிக்கொண்டு உதைக்க வேண்டும்.

ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. முன் சக்கரத்தை இரண்டு முட்டிக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை எதிர்ப்பக்கம் வெடுக்கென்று திருப்பினேன், பாதி சரியானது. மீதிக்கு ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, நேராக்கி, திரும்ப முறுக்கினேன். கியர் லிவர் இன்ஜின் பக்கம் மடங்கியிருந்தது, அது இரும்பு, ரிங் ஸ்பேனரை மாட்டி இழுத்தால் வந்துவிடும். கிளட்ச், பிரேக் லிவர்கள் அலுமினியம். வளைந்திருந்தாலும் கை வைக்காதீர்கள், நிமிர்த்தப் போனால் பட்டென்று ஒடிந்துவிடும். வளைந்த லிவரோடு வீடு வந்து சேரலாம், ஒடிந்த லிவரோடு மலை இறங்குவது பெரும்பாடு.

*

அண்ணே, எங்கள் தர்மபுரிப் பக்கம் வண்டி வழுக்க மழையே வேண்டாம். தை மாசம் வந்து பாருங்கள், கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து ரோட்டில் பரப்பியிருப்பார்கள், வண்டி ஏறி ஏறிக் காய் உடைய வேண்டும் என்று. மேலே சருகு, அதற்கு அடியில் உதிர்ந்த கொள்ளு, டயருக்குக் கீழே பேரிங் குண்டு உருளுகிற மாதிரி உருளும். என் தம்பி அதன் மேல் பின் பிரேக்கை மிதித்தான், வண்டி முழுசாகத் திரும்பி வந்த திசையைப் பார்த்து நின்றது. நான் அதன் மேல் ஒருமுறை ஓட்டிக்கொண்டு போய், ஊர் எல்லையில் நிறுத்திப் பார்த்தால் சைலன்சரில் ஒட்டிய சருகு புகைகிறது, செயின் ஸ்பிராக்கெட்டில் தண்டு சுற்றியிருக்கிறது. குச்சியால் நோண்டி எடுத்தேன். சூடாக இருக்கும், வெறுங்கை வைக்காதீர்கள்.

விவசாயியை நான் திட்ட மாட்டேன். கிராமத்தில் பொதுக் களம் இருந்தால் யார் ரோட்டில் கொண்டுவந்து போடப் போகிறார்கள்? ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சிமென்ட் களம் போட்டுக் கொடுத்தால் அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. ராத்திரியில் தானியக் குவியலைச் சுற்றி அடையாளத்துக்குக் கல் வைத்துவிட்டுப் போவதுதான் இன்னும் மோசம், அந்தக் கல்லை மட்டுமாவது வைக்காமல் இருக்கலாம்.

*

நான் மெக்கானிக், சொந்தப் பட்டறை. மேலே சொன்னது எல்லாம் ரோட்டில் கிடப்பது. வண்டியிலேயே வழுக்கலை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி நான் சொல்கிறேன். பல இடங்களில் வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் பளபளப்பு வர வேண்டும் என்று டீசலையோ டீசல் கலந்த ஆயிலையோ வண்டி முழுக்க ஸ்பிரே அடித்துக் கொடுக்கிறார்கள். அது பிரேக் டிஸ்க்கிலும் படும், டயரிலும் படும். ஒரு அக்கா ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு தெருமுனைகூடத் தாண்டவில்லை, பிரேக் பிடித்தது பிடிக்கவே இல்லை, முன்னால் நின்ற ஆட்டோவில் இடித்துவிட்டார்கள். நான் கழற்றிப் பார்த்தபோது டிஸ்க்கில் விரல் வைத்தால் பிசுபிசுவென்று இருந்தது. டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்தாலும் அதைப் பிடிக்கிற பிரேக் பேட் ஆயிலைக் குடித்திருந்தது, மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. சர்வீஸ் விடும்போதே 'ஸ்பிரே வேண்டாம்' என்று வாய் திறந்து சொல்லுங்கள். டயர் பாலிஷும் வேண்டாம்.

செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயில் விடுவது நல்லதுதான், ஆனால் சொட்டச் சொட்ட விட்டால் ஓடும்போது பின் டயரில் தெறிக்கும். சூடாக இருக்கும்போது உள்பக்கமாக விட்டு, துணியால் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் காலையில் எடுத்தால் தெறிக்காது. இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு துடைக்க மட்டும் கூடாது, செயினில் விரல் போனவர்களை எனக்குத் தெரியும்.

புது டயருக்கும் இதே கவனம் வேண்டும். மேலே ஒரு வழவழப்பு இருக்கும், முதல் நூறு இருநூறு கிலோமீட்டர் வண்டியைச் சாய்த்துத் திருப்பாதீர்கள், மழையில் ரொம்பவே ஜாக்கிரதை. லிவர் பற்றி அண்ணன் சொன்னது சரி. கூட ஒன்று: ஹேண்டிலில் லிவரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்காதீர்கள். அழுத்தித் தள்ளினால் சுழலுகிற அளவு இருந்தால், விழும்போது லிவர் சுழன்று கொடுக்கும், ஒடியாது.

*

சென்னையில் மெட்ரோ வேலைக்குத் தோண்டிய இடத்தில் இரும்புத் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள், மழையில் அதன் மேல் ஏறினாலே வயிறு கலக்குகிறது. போன வாரம் என் கண் முன்னால் டெலிவரி பையன் ஒருவன் விழுந்தான், முழங்காலில் நல்ல அடி, கூட நின்ற நாங்கள்தான் வண்டியைத் தூக்கி ஓரம் கட்டினோம். அவன் வண்டியில் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கிற அமைப்பு, இருந்தது. ஏபிஎஸ் இருந்தும் எப்படி விழுகிறார்கள்?

*

தம்பி, 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேலே உள்ள புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம், ஆனால் நிறைய வண்டிகளில் வருவது சிங்கிள் சேனல். அது முன் சக்கரத்தை மட்டும்தான் காப்பாற்றும், பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் லாக் ஆகத்தான் செய்யும். இன்னொன்று, வண்டி சாய்ந்திருக்கும்போது வாரினால் சாதாரண ஏபிஎஸ் எதுவும் செய்ய முடியாது, கொல்லிமலையில் நான் பிரேக்கே பிடிக்கவில்லையே. இரும்புத் தகடு, மேம்பால இணைப்புக் கம்பி, தெர்மோபிளாஸ்டிக் வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான்: ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டு, நேராக உருட்டிக்கொண்டு போவது. தண்டவாளம் குறுக்கே வந்தால் முடிந்தவரை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தோடு இழுத்துக்கொண்டு போய்விடும்.

நீங்கள் ஓட்டுவது ஸ்கூட்டரா பைக்கா? டயர் பக்கவாட்டில் டிடபிள்யூஐ (TWI) என்று தேய்மானத்தைக் காட்டுகிற ஒரு சின்ன அடையாளம் இருக்கும், அதற்கு நேரே பட்டனின் பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.