தாமிர அணைவும் கேட்டகால் ஆக்சிடேஸும்: பெங்களூரு ஆய்வகத்து அனுபவம்

பெங்களூருவில் முனைவர் பட்ட ஆய்வு செய்த ஆண்டுகளில், கேட்டகால் என்ற சேர்மத்தை ஆக்சிஜனைக் கொண்டு குயினோனாக மாற்றும் கேட்டகால் ஆக்சிடேஸ் என்ற நொதியின் வேலையைச் செய்யக்கூடிய தாமிர அணைவுச் சேர்மங்களை (தாமிர அயனியைச் சுற்றி வேறு மூலக்கூறுகள் பிணைந்தவை) தயாரித்துச் சோதிப்பதே என் பொறுப்பாக இருந்தது. நறுக்கிய வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுத்துப்போவதற்குக் காரணமான நொதி வகை இதுதான் என்று சொன்னதும், மல்லேஸ்வரத்தில் என்னுடன் தங்கியிருந்த தமிழ்த் தோழிகளுக்கு என் ஆய்வு உடனே புரிந்துவிட்டது.

சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த இந்நொதியின் படிக அமைப்பு 1998இல் வெளியானது. அதன் மையத்தில் இரண்டு தாமிர அயனிகள் அருகருகே இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் மூன்று பிணைத்திருக்கின்றன. ஹிஸ்டிடினின் இடத்தில் பிரிடின் போன்ற நைட்ரஜன் ஈனிகளை, அதாவது நைட்ரஜன் வழியாக உலோகத்தோடு பிணையும் மூலக்கூறுகளை, வைத்து அந்த மையத்தைச் சிறிய மூலக்கூறில் உருவாக்குவதே எங்கள் முயற்சி.

மெத்தனாலில் 3,5-டைடெர்ட்பியூட்டைல் கேட்டகாலுடன் அணைவைச் சேர்த்தால், குயினோன் உண்டாக உண்டாக 400 நானோமீட்டர் அருகில் ஒளி உறிஞ்சல் ஏறிக்கொண்டே போகும். இந்தக் கேட்டகால் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் என்பதாலும், அதன் பருத்த பக்கத் தொகுதிகள் வளையம் மேலும் சிதைவதைத் தடுப்பதாலும் எல்லோரும் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்த எளிமையே சிக்கலும் ஆகிறது: கரைசலில் சிறிது காரம் இருந்தால் அணைவே இல்லாமலும் அது காற்றில் மஞ்சளாகிவிடும், வெறும் தாமிர அசிட்டேட்டும் அதே வேலையை ஓரளவு செய்யும். ஆகவே இவ்விரண்டு ஒப்பீட்டுச் சோதனைகளும் இல்லாத கட்டுரையில் தரப்படும் வினைவேக எண்களை என்னால் நம்ப முடிவதில்லை.

இவற்றைவிட என்னை அதிகம் யோசிக்கவைத்தது, ஆக்சிஜன் கடைசியில் என்னவாகிறது என்ற கேள்விதான். இயற்கை நொதி ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைக் கொண்டு இரண்டு கேட்டகால்களைக் குயினோன்களாக்கி, ஆக்சிஜனை முழுவதுமாக நீராக மாற்றுகிறது. மாதிரி அணைவுகளில் பலவோ ஹைட்ரஜன் பெராக்சைடோடு நின்றுவிடுகின்றன. வினைக் கரைசலை அமிலமாக்கி, குயினோனை டைகுளோரோமீத்தேனால் பிரித்தெடுத்துவிட்டு, நீர்ப்பகுதியில் பொட்டாசியம் அயோடைடு சேர்த்தபோது, பெராக்சைடு இருந்தால் அயோடைடிலிருந்து உண்டாகும் மூவயோடைடுக்குரிய 353 நானோமீட்டர் உறிஞ்சல் பட்டை எங்கள் அணைவிலும் தெளிவாக எழுந்தது. குயினோன் என்ற விளைபொருள் ஒன்றாக இருந்தாலும் வழி வேறு என்பதற்கு அது சான்று. தேங்கும் பெராக்சைடு ஈனியையே தாக்கக்கூடும் என்பதால், வினையூக்கியின் ஆயுளையும் அது தொடுகிறது. எங்கள் நெறியாளர் அந்தப் பட்டையைப் பின்னிணைப்பில் ஒதுக்காமல் ஆய்வேட்டின் மைய அத்தியாயத்திலேயே வைக்கச் சொன்னார்; அது மிகச் சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்.

இரட்டைத் தாமிர மாதிரிகளில் பெராக்சைடு தேங்காமல் நீர் வரை வினையைக் கொண்டுசென்றவர்கள் இங்கே இருந்தால், எந்த ஈனியைப் பயன்படுத்தினீர்கள், தாமிரங்களுக்கு இடையிலான தொலைவு எவ்வளவு இருந்தது என்பதை எழுதுங்கள்.