சொரியாசிஸுக்குக் குடலைப் பார்த்தால் போதுமா?

காட்பாடி மாலா:
அம்மாவுக்குச் சொரியாசிஸ் வந்து ஆறு வருஷம் ஆகிறது. முழங்கையிலும் தலையிலும் படை. காலையில் தலையணை உறையை உதறினால் தவிடு மாதிரிக் கொட்டும். பொங்கலுக்குப் பிறகு பரோட்டா, பேக்கரிப் பண்டம், கலர் சோடா எல்லாம் நிறுத்தினோம். காலையில் பழைய சோறும் மோரும், மத்தியானம் கேழ்வரகுக் களியும் கீரையும். நாலு மாதத்தில் ஆறு கிலோ இறங்கினார், படை பாதியாகிவிட்டது. நோயின் வேர் குடலில்தான் இருக்கிறது. அதற்காக வாராவாரம் போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

குடியாத்தம் சேகர்:
வேண்டாம் அக்கா. என் அண்ணனிடமும் ஒருவர் இப்படித்தான் "குடல் சுத்தமானால் தோல் சுத்தம்" என்றார். பேதிக்குக் கொடுத்து, பல மாதமாகச் சாப்பிட்டுவந்த ஸ்டீராய்டு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னார். இரண்டே வாரத்தில் உடம்பு முழுக்கச் சிவந்து, சீழ்க் கொப்புளம் வந்துவிட்டது. தோல் கெட்டால் உடம்புச் சூடு நிற்காதாம். அக்னி நட்சத்திரத்தில், வேலூர் வெயிலில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். அதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

காட்பாடி மாலா:
அண்ணனுக்கு நடந்தது கொடுமை. ஆனால் அது மாத்திரையைச் சட்டென்று விட்டதால் வந்தது, சாப்பாட்டால் இல்லையே. க்ரோன் என்கிற குடல் அழற்சி உள்ளவர்களுக்குச் சொரியாசிஸ் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. சம்பந்தமே இல்லையென்றால் இது எப்படி? ஆறு வருஷத்தில் ஒரு டாக்டர்கூட "என்னம்மா சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டதில்லை.

ராணிப்பேட்டை ரஹ்மத்:
தோல் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதது தப்புதான், மாலா. சம்பந்தமும் உண்டு. அது உறுதியாகத் தெரிந்தது வேறொரு நோயில்: டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். 1884இல் டூரிங் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்தது. கோதுமையில் உள்ள குளூட்டனால் குடலில் கிளம்பும் எதிர்ப்புப் பொருள் தோலில் போய்ப் படிந்து, முழங்கையிலும் முட்டியிலும் தாங்க முடியாத அரிப்போடு கொப்புளமாகும். கோதுமையும் பார்லியும் விட்டால் ஆறும், ஆனால் மாதக்கணக்காகும். அதுவரை அரிப்பை அடக்க டாப்சோன் தருவார்கள். தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் கரிகிரி பக்கத்து ஆட்களுக்குத் தொழுநோய் மருந்தாகத் தெரிந்த அதே டாப்சோன்.

சொரியாசிஸ் அப்படி நேர்க்கோட்டில் போவதில்லை. உடம்பில் அழற்சியைத் தூண்டும் ஐஎல்-17 என்ற பொருளைத் தடுக்கும் ஊசி தோலை நன்றாக ஆற்றுகிறது. அதே ஊசி சிலருக்குக் க்ரோன் நோயைக் கிளப்பிவிடும். வேர் ஒன்றே என்றால் இரண்டும் சேர்ந்தல்லவா ஆற வேண்டும்?

அம்மாவுக்குக் கை கொடுத்தது அந்த ஆறு கிலோ என்று நினைக்கிறேன். உடம்புக் கொழுப்பே அழற்சியைத் தூண்டும், எடை குறைந்தால் படையும் குறையும். அப்புறம், அந்த நாலு மாதமும் மாத்திரையும் உள்ளே போய்க்கொண்டுதானே இருந்தது?

காட்பாடி மாலா:
ஆமாம், ஒரு வாரம்கூட விட்டதில்லை. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனாலும் களியையும் மோரையும் விட மாட்டேன்.

குடியாத்தம் சேகர்:
விடாதீர்கள் அக்கா. மாத்திரையைக் குறைப்பதா என்பதை மட்டும் ரத்தப் பரிசோதனையோடு டாக்டரிடம் கேளுங்கள். எந்தக் கிழமை போடுகிறார்? காலண்டரில் குறித்து வையுங்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, தவறித் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

காட்பாடி மாலா:
வியாழக்கிழமை. சரி, நாளைக்குப் போட வேண்டும்.