மிஸ்ட் கூலன்ட் துப்பித் துப்பி வருகிறது, என்ன செய்யலாம்?

நண்பர்களே, சின்ன மில்லிங் மெஷினில் அலுமினியம் 6061 வெட்ட சைபன் வகை மிஸ்ட் கூலன்ட் (காற்று ஓட்டமே கேனிலிருந்து கூலன்டை உறிஞ்சி, வெட்டும் இடத்தில் தூறலாகத் தெளிப்பது) வைத்திருக்கிறேன். ரெகுலேட்டரில் காற்று 1.5 பார், சால்யுபிள் ஆயில் (தண்ணீரில் கலக்கும் கூலன்ட் எண்ணெய்) 1 பங்குக்குத் தண்ணீர் 20.

ஆன் செய்ததும் கொஞ்ச நேரம் வெறும் காற்றுதான். பிறகு விட்டு விட்டுத் துப்புகிறது, அதற்குள் எண்ட் மில் (சுழன்று வெட்டும் கட்டர்) பல்லில் அலுமினியம் அப்பிவிடுகிறது. காற்றை நிறுத்தியதும் டியூபில் இருக்கும் கூலன்ட் சரசரவென்று கேனுக்கே இறங்குகிறது. கேன் நாசிலுக்கு 40 செ.மீ. கீழே. ஃபிட்டிங் எல்லாவற்றிலும் டெஃப்லான் டேப் சுற்றியாச்சு. ஆனாலும் டியூபில் குமிழி ஓடுகிறது, எங்கோ காற்று இழுக்கிறது.

உறிஞ்சும் முனையில் நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரு பக்கம் மட்டும் விடுவது) போட்டால் போதுமா? 4 மி.மீ. டியூபுக்குப் பதில் இன்னும் மெல்லியது உதவுமா? காற்றைக் கூட்டச் சொல்லாதீர்கள். புகையாக மிதந்து மூச்சில் ஏறுகிறது.