மின்சார கார் சலுகை போனது நல்லதுதானா?

பழைய கணக்கு:
அமெரிக்காவில் புது மின்சார கார் வாங்கினால் கிடைத்த 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது. ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் செய்த வேலை இது, எனக்கு முழு சம்மதம். ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலர் சம்பாதிக்கும் தம்பதிக்குக்கூட அந்தச் சலுகை கிடைத்தது. பத்து வருடப் பழைய பெட்ரோல் வண்டியை ஒட்டுப்போட்டு ஓட்டுகிறவர் கட்டும் வரியில் இவர்களுக்கு எதற்குத் தள்ளுபடி? அதுவும் நாட்டுக் கடன் 36 டிரில்லியனைத் தாண்டிய பிறகு.

வடகாற்று:
வசதியானவர்களுக்கே அதிகம் போனது, சரி. ஆனால் கடனைக் காரணம் காட்டாதீர்கள் சார். அதே சட்டம் பத்தாண்டில் பற்றாக்குறையை 3.4 டிரில்லியன் டாலர் கூட்டும் என்று அவர்கள் நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டுச் சொன்னது. கார் சலுகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் எந்த மூலைக்கு?

பழைய கணக்கு:
அது எனக்கும் கோபம்தான். சிக்கனம் பேசும் குடியரசுக் கட்சி இப்படிச் செலவழிப்பதை நான் எங்கும் ஆதரித்ததில்லை. ஆனால் ஒரு தவறு இன்னொரு தவறை நியாயமாக்காது. புகை குறைய வேண்டும் என்றால் எது குறைத்தது என்று பாருங்கள். 2005-இல் அமெரிக்க மின்சாரத்தில் பாதி நிலக்கரியில் வந்தது, 2023-இல் ஆறில் ஒரு பங்குதான். அதற்குப் பெரிய காரணம், பாறையைப் பிளந்து எடுக்கும் ஷேல் எரிவாயு மலிவாகக் கிடைத்தது. எந்தப் பருவநிலை மாநாடும் அதைச் செய்யவில்லை, சந்தை செய்தது.

வடகாற்று:
ஷேல் தானாக முளைத்ததா? 1970-களில் அரசு ஆராய்ச்சிக்குப் பணம் போட்டது, 1980 தொடங்கி 2002 வரை அந்த மாதிரிக் கிணறுகளின் எரிவாயுவுக்கு வரிச்சலுகையும் இருந்தது. காற்றாலைக்குக் கொடுத்தால் மட்டும் வீண்செலவா?

மலைச்சாரல்:
இடையில் ஒரு வார்த்தை. ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று புகை விடாத கடைசி மூன்று அணு உலைகளை மூடியபோது நிலக்கரி நிலையங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பருவநிலைக்காகப் போராடுவதாகச் சொல்லிக்கொண்டு அப்படிச் செய்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வடகாற்று:
உண்மை, அது பெரிய தவறு. ஆனால் வலதுசாரிகள் நல்லது செய்த வரலாறும் உண்டே. அமில மழைக்கு எதிராக 1990-இல் சட்டம் கொண்டுவந்தவர் குடியரசுக் கட்சியின் மூத்த புஷ். கந்தக டை ஆக்சைடுக்கு மொத்த வரம்பு, அதற்குள் நிறுவனங்கள் புகைவிடும் உரிமங்களை வாங்கி விற்கலாம். எந்த இயந்திரம் வைப்பது என்று அரசு சொல்லவில்லை, புகை குறைந்தது. கார்பன் புகைக்கும் விலை வையுங்கள், வசூலை மக்களுக்கே சமமாகத் திருப்பிக் கொடுங்கள். 2017-இல் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் பேக்கரும் ஷுல்ட்ஸும் கேட்டது இதைத்தான், இருவருமே உங்கள் பக்கத்து ஆட்கள்.

பழைய கணக்கு:
கனடா அதைத்தான் செய்து பார்த்தது. பணம் வீட்டுக்குத் திரும்பி வந்தும் மக்களுக்குப் பிடிக்கவில்லை, 2025 ஏப்ரல் 1 முதல் எரிபொருள் மீதான அந்தக் கட்டணத்தை நிறுத்தியவர் லிபரல் பிரதமர் கார்னி. வாஷிங்டன் மாநிலம் இடதுசாரிகள் வலுவான இடம், அங்கேயே 2016, 2018 இரண்டு வாக்கெடுப்பிலும் கார்பன் வரி தோற்றது. பெட்ரோல் போடும்போது கையை விட்டுப் போகும் காசு உடனே கண்ணில் படும், பிறகு வரும் காசோலை யாருக்கும் நினைவில் நிற்காது. அந்தச் சாதாரண ஆளின் கோபத்தை அறியாமை என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

வடகாற்று:
நான் ஒதுக்கவில்லை. கனடாவில் பெரிய ஆலைகள் மீதான கார்பன் விலை இன்னும் இருக்கிறது, பார்த்தீர்களா? பெட்ரோல் பம்பை விட்டுவிட்டு ஆலையில் வசூலிக்கலாம் என்றால் ஒப்புக்கொள்வீர்களா?

பழைய கணக்கு:
அதைப் பேசலாம். ஆனால் நிலக்கரியில் உருக்கி கப்பலில் வரும் சீன எஃகும் துறைமுகத்தில் அதே விலையைக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளூர் உலை மூடும், புகை அங்கே போகும், வேலையும் கூடவே போகும். அந்த நிபந்தனை இல்லாமல் நான் வரமாட்டேன்.